சிறிய கேமரா, பெரிய கேமரா: தோட்டப்புற ஊரில் ஓர் ஒளிக் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் படமெடுத்து வைக்கத் தகுந்த காரியங்கள் பலவும் வெயில் இல்லாத வேளையில்தான் நடக்கின்றன. பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, விடியுமுன் வெட்டுகிறார்கள். அந்தக் குளிர்ந்த நேரத்தில் மரத்தின் உள்ளழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக வடிகிறது, வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடுகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். திருமண விருந்தோ இரவில், மண்டபத்துக் குழல்விளக்குகளுக்குக் கீழே நடக்கிறது. பகலில் ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள். ஆகவே, இவ்வூர் இளைஞர் ஒருவர் கேமரா வாங்கப் புறப்பட்டு, “சின்னது போதுமா, பெரிசு எடுக்கணுமா?” என்று கேட்டால், இருட்டில் தமக்கு எவ்வளவு ஒளி கிடைக்கும், அந்த ஒளிக்காக எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று அவர் கேட்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். விலை, மெகாபிக்சல், பெயர் ஆகியவற்றை விட்டுவிட்டு இந்தக் கணக்கை மட்டும் ஒழுங்காகப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

ஒப்பிடப்போகும் இரண்டும் எவை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். சிறியது, ஒலிம்பஸ், பானசோனிக் ஆகிய இரு நிறுவனங்கள் 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அறிவித்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்னும் முறை. இதன் சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதியும் சில்லு, 17.3 மி.மீ. அகலமும் 13 மி.மீ. உயரமும் கொண்டது. பெரியது, தொழில்முறைப் படக்காரர்கள் பலர் பயன்படுத்தும் ஃபுல் ஃபிரேம் முறை. இதன் சென்சார் 36 மி.மீ.க்கு 24 மி.மீ. பரப்பளவில் பார்த்தால் ஒன்று 225 சதுர மி.மீ., மற்றது 864 சதுர மி.மீ., அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு. மூலைவிட்டம் இரு மடங்கு என்பதால், சிறிய கேமராவில் 25 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியைப் பெரியதில் 50 மி.மீ. லென்ஸ் காட்டுகிறது.

‘ஃபுல்’ என்ற சொல்லே பலரைக் குழப்புகிறது என்பது என் எண்ணம். அது முழுமை என்றால் மற்றது அரைகுறை என்று மனம் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. ஆனால் அந்த 36க்கு 24 என்ற அளவு பிறந்ததே எடையைக் குறைக்கும் முயற்சியில்தான். ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக், கனத்த தட்டுக் கேமராக்களைத் தூக்கித் திரிவதற்கு மாற்றாக, திரைப்படச் சுருளை எடுத்து, அதன் 18க்கு 24 மி.மீ. சட்டத்தை இரட்டிப்பாக்கித் தம் கையடக்கக் கருவியை உருவாக்கினார். அதுவே 1925இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அக்காலத்து ஸ்டூடியோக்காரர்களின் கண்ணில் இன்றைய ‘முழு’ அளவு ஒரு சிற்றளவாகவே இருந்தது. இரண்டுமே வெவ்வேறு காலத்தில் செய்துகொள்ளப்பட்ட சமரசங்கள் என்று கொண்டால் ஒப்பீடு நேர்மையாக நடக்கும்.

எடை எங்கிருந்து வருகிறது என்பதே அடுத்த கேள்வி. சென்சார் என்பது சில கிராம் கனமுள்ள சில்லு. அது பெரிதாவதால் மட்டும் பை கனத்துவிடாது. கனப்பது கண்ணாடி. லென்ஸின் எஃப் எண் என்பது அதன் குவியத் தூரத்தை ஒளி நுழையும் வாயின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது. 200 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8 ஆக இருக்க வேண்டுமானால் அந்த வாய் ஏறக்குறைய 71 மி.மீ. விட்டம் கொண்டிருக்க வேண்டும். அதே காட்சியைச் சிறிய கேமராவில் தரும் 100 மி.மீ. லென்ஸுக்கு எஃப் 2.8 என்றால் 36 மி.மீ. விட்டம் போதும். விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகிறது, கண்ணாடியின் எடையும் அதற்கேற்ப இறங்குகிறது. கூடவே அந்த வாய்வழியே, அதே ஆளின் முகத்திலிருந்து வந்து சேரும் ஒளியும் கால்பங்காகிவிடுகிறது. எஃப் எண் ஒன்றாக இருப்பதால் இரண்டு லென்ஸும் ஒரே அளவு ஒளியைத் தருகின்றன என்று கடைகளில் சொல்வது பாதி உண்மைதான். சென்சாரின் ஒவ்வொரு சதுர மி.மீ.க்கும் விழும் ஒளி சமம். படம் முழுவதற்கும் சேரும் ஒளி சமமில்லை.

எண்களில் பார்த்தால் வேறுபாடு நன்கு விளங்கும். 2017இல் வந்த நிக்கான் டி850 பேட்டரியோடும் கார்டோடும் 1005 கிராம். அதற்கு ஏற்ற 24-70 எஃப் 2.8 விஆர் லென்ஸ் 1070 கிராம், 70-200 எஃப் 2.8 எஃப்எல் லென்ஸ் 1430 கிராம். மூன்றும் சேர்ந்து மூன்றரைக் கிலோ. மறுபுறம் 2016இல் வந்த ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் 2 574 கிராம், அதன் 12-40 எஃப் 2.8 லென்ஸ் 382 கிராம், பானசோனிக்கின் 35-100 எஃப் 2.8 லென்ஸ் 360 கிராம். மொத்தம் 1316 கிராம். இரண்டு பைகளும் ஏறக்குறைய ஒரே கோணங்களில் படமெடுக்கும். சிறியதன் உடல் மெலிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். நிக்கானின் எஃப் மவுன்டில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அந்தக் கண்ணாடியையே எடுத்துவிட்டதால் தூரம் 20 மி.மீ. அளவுக்குச் சுருங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு ஒருபக்கம் சாய்ந்துவிடும். இந்தப் பிரதிபலிப்புக் கண்ணாடியை நீக்கும் உத்தி சிறிய சென்சாருக்கு மட்டும் உரியதன்று. சோனி 2013இல் ஏ7 என்ற கண்ணாடியில்லா ஃபுல் ஃபிரேம் கேமராவை வெளியிட்டது. 2018இல் நிக்கானும் கேனனும் அதே வழிக்கு வந்தன. 2019இல் வந்த கேனன் இஓஎஸ் ஆர்பி பேட்டரி, கார்டு சேர்த்து 485 கிராம்தான். அதனோடு 395 கிராம் எடையுள்ள 24-105 எஃப் 4-7.1 லென்ஸைப் பொருத்தினால் 880 கிராம். மேலே சொன்ன ஒலிம்பஸ் உடலும் 12-40 லென்ஸும் சேர்ந்தால் 956 கிராம். அப்படியானால் பெரிய சென்சார் எடையும் குறைவு, ஒளியும் மிகுதி என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. அந்த லென்ஸை 105 மி.மீ.க்கு நீட்டினால் வாய் எஃப் 7.1க்குச் சுருங்கிவிடுகிறது. சிறிய கேமராவின் எஃப் 2.8, மொத்த ஒளியில் பெரியதன் எஃப் 5.6க்குச் சமம் என்பதால், அந்த முனையில் சிறியதே கூடுதல் ஒளியைப் பெறுகிறது. பெரிய சென்சார் என்பது பெரிய பாத்திரம். அதில் ஊற்றும் அளவை லென்ஸ்தான் தீர்மானிக்கிறது. பெரிய உடல் வாங்கக் கடன்பட்டு, லென்ஸுக்குப் பணமில்லாமல் மலிவான ஜூமோடு நின்றுவிடும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் விலை கொடுத்து வாங்கிய அனுகூலம் அவர்கள் கைக்கு வந்து சேரவே இல்லை.

இனி இருட்டுக்கு வருவோம். ஒளி துகள்களாக வந்து விழுகிறது. அந்த வருகை மழைத்துளிபோல் சீரற்றது. எண்ணிக்கை மிகுந்தால் சீரின்மை அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கே வளர்கிறது. அதனால் நான்கு மடங்கு ஒளி சேர்ந்தால் படத்தின் தெளிவுக்கும் புள்ளிக் கரகரப்புக்கும் உள்ள விகிதம் இரு மடங்கு நன்றாகிறது. படக்காரர்கள் வழக்கில் இதை இரண்டு ஸ்டாப் என்பார்கள். ஒளி இரட்டிக்கும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்.

தீமிதியை எடுத்துக்கொள்வோம். கோயில் திடலில் கட்டிய விளக்குகளிலிருந்து பக்தரின் முகத்தில் 40 லக்ஸ் அளவு வெளிச்சம் விழுவதாக வைத்துக்கொண்டால், ஓடிவரும் காலை உறையவைக்க 1/250 நொடி ஷட்டரும், எஃப் 2.8 வாயும் வைக்கும்போது ஐஎஸ்ஓ, அதாவது கிடைத்த ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு, ஏறக்குறைய 12,800 ஆகிறது. ஃபுல் ஃபிரேமில் இந்தப் படம் கரகரப்பு தெரிந்தாலும் அச்சிடத் தகுந்ததாக இருக்கும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அதே எண்களோடு எடுத்தது, பெரியதில் ஐஎஸ்ஓ 50,000ஐ ஒட்டி எடுத்ததைப் போல் இருக்கும். வேட்டியின் மஞ்சள் சேறாகும், மீசைக்கும் நிழலுக்கும் எல்லை தெரியாது. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. இந்த ஒரு காரியத்தில் பெரிய கேமரா தன் எடைக்கு உரிய கூலியைத் திருப்பித் தருகிறது.

ஆயினும் சிறியதை வைத்திருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஜூமைக் கழற்றி வைத்துவிட்டு, ஒலிம்பஸின் 45 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போட்டால், அது 116 கிராம்தான், அதே காட்சிக்கு ஐஎஸ்ஓ 5,000 போதும். பெரியதன் அளவுகோலில் அது எஃப் 3.6 வாயுள்ள 90 மி.மீ. லென்ஸுக்குச் சமம். ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கனக்கும் எஃப் 2.8 ஜூமுக்கும் இதற்கும் உள்ள ஒளி வேறுபாடு இப்போது ஒரு ஸ்டாப்புக்கும் குறைவு. ஈடாகக் கொடுப்பது வசதி. நின்ற இடத்திலிருந்து நெருக்கவோ விலக்கவோ முடியாது. பூக்குழியின் எந்த முனையில் நிற்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். ஊர்க்கோயிலின் ஒழுங்கு தெரிந்த ஒருவருக்கு அது பெரிய தடையல்ல. கரகம் எந்தப் பக்கமிருந்து வரும், பால்குழியில் கால் நனைக்க எங்கே நிற்பார்கள் என்பதெல்லாம் சிறு வயது முதல் பார்த்த காட்சிதானே.

குழுப்படம் வேறு கதை. என் பார்வையில் இந்த ஒப்பீட்டில் மிக முக்கியமான இடமும் அதுதான். தோட்டப்புறக் குடும்பங்களின் சுவரில் தொங்கும் பழைய படங்களில் மிகுதியானவை குழுப்படங்கள்: பள்ளி ஆறாம் ஆண்டு, கோயில் நிர்வாகக் குழு, கிராணியாரும் (தோட்டத்து எழுத்தர்) கங்காணியும் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) நடுவில் உட்கார்ந்த தோட்டத்து ஆட்கள். 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதையும், அதற்கு எதிர்விடையாக இவ்வூரில் பிறந்தவரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதையும் நூல்களில் படிக்கலாம். ஆனால் எந்தெந்த முகங்கள் எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தன என்பதற்கு அந்த வரிசைப் படங்களே சாட்சி. நான்கு வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது முதல் வரிசைப் பிள்ளையும் கடைசி வரிசைப் பெரியவரும் ஒருசேரத் தெளிவாக விழ வேண்டும். இதற்குப் பெரிய கேமராவில் எஃப் 8 வைக்க வேண்டியிருந்தால், சிறியதில் எஃப் 4 வைத்தாலே அதே ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கிறது. வாயைச் சுருக்கிய பெரிய கேமரா அந்த இரண்டு ஸ்டாப் ஒளியை இழந்து, ஐஎஸ்ஓவை நான்கு மடங்கு உயர்த்துகிறது. கரகரப்பில் இரண்டும் சமமாகிவிடுகின்றன. முக்காலி வைத்து ஷட்டரை நீட்டினால் பெரியது மறுபடியும் முந்தும்; ஆனால் கைக்குழந்தைகள் இருக்கும் வரிசையில் அரை நொடி அசையாமல் இருக்கச் சொல்வது எவராலும் ஆகாது. ஆக, நம் ஊரில் மிகுதியாக எடுக்கப்படும், மிக நீண்ட காலம் வைத்திருக்கப்படும் படத்தில், மூன்றரைக் கிலோ சுமந்தவருக்கு அதற்குரிய பலன் அனேகமாகக் கிடைப்பதில்லை.

பின்னணி மங்கலாகக் கரைந்து முகம் மட்டும் எழுந்து நிற்கும் படத்தை விரும்புவோருக்குக் கணக்கு தலைகீழ். அங்கே பெரியதே மேல். மணப்பெண் அலங்காரப் படங்களில் இந்தத் தோற்றத்தைக் கேட்டு வாங்குகிறார்கள், அது நியாயமான விருப்பமே.

நம் மக்களைப் படமெடுப்பவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று நிழலின் தரம். கேமராவின் ஒளிமானி அடிப்படையில் எதிரே உள்ளதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு அளக்கிறது. வெள்ளைத் துணியும் எல்இடி விளக்குகளும் நிறைந்த மணவறையின் முன் கருத்த முகம் ஒன்று நின்றால், ஒளிமானி வெண்மையை அடக்குவதாக எண்ணி முகத்தை மேலும் இருட்டாக்கிவிடுகிறது. ஒளியளவை ஏற்றினால் பட்டுச்சேலையின் சரிகை வெளுத்துப்போகிறது. அனுபவமுள்ளவர் சரிகையைக் காப்பாற்றி எடுத்து, முகத்தின் ஒளியைப் பின்னர்க் கணினியில் உயர்த்துகிறார். அப்படி உயர்த்தும்போது நிழலில் ஒளிந்திருந்த கரகரப்பு மேலெழுகிறது. அதில் பெரிய சென்சார் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் கூடுதல் பொறுமை காட்டுகிறது. சிறியதை வைத்திருப்பவர் இந்த இடத்தில் சிறு ஃபிளாஷ் ஒன்றை மண்டபத்தின் வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்பியாவது முகத்துக்கு ஒளி கொடுக்க வேண்டும். நம் பாட்டிமார்களின் முகங்கள் எத்தனையோ ஆல்பங்களில் கரிய திட்டுகளாகவே நின்றுபோயிருப்பதைப் பார்க்கையில், இதை நுட்பச் சிக்கல் என்று மட்டும் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியில் சிறியது முன்னே நிற்கிறது. ஒலிம்பஸ் 2012இல் வெளியிட்ட இ-எம்5 கேமராவிலேயே சென்சாரை ஐந்து அச்சுகளில் அசைத்து நடுக்கத்தை ஈடுசெய்யும் ஏற்பாடு இருந்தது. இலேசான சிறிய சென்சாரை விரைந்து அசைப்பது எளிது. டி850இன் உடலில் இத்தகைய ஏற்பாடு இல்லை. லென்ஸில் இருந்தால் உண்டு. அந்திக் கருக்கலில் தகரக் கூரை லயங்களின் வரிசையை, முக்காலி இல்லாமல் கால் நொடியில் தெளிவாக எடுக்க இது உதவுகிறது. அசையாப் பொருளுக்கு மட்டும் என்பதை மறக்கலாகாது. ஓடும் காலையோ, பட்டை சீவும் கையையோ எந்த நிலைப்படுத்தியும் நிறுத்தித் தராது.

அசையும் பொருளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்வதில் தொழில்முறை எஸ்எல்ஆர் நெடுங்காலம் முன்னணியில் இருந்தது. 2013இன் இ-எம்1 முதல் ஒலிம்பஸின் மேல்தட்டுக் கருவிகள் சென்சாரிலேயே அதற்கான உணர்புள்ளிகளைப் பெற்றதால் இடைவெளி சுருங்கியது. பழைய சிறிய கேமராவை இரண்டாம் கையாக வாங்குவோர் இதை மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஓசையற்ற மின்னணு ஷட்டர் தாலி கட்டும் நேரத்தில் நல்லதுதான். ஆனால் மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன, ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்தாவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும்.

மெகாபிக்சலைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரின் ஏ4 பக்கத்தை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிரப்ப 87 இலட்சம் பிக்சல் போதும்; இ-எம்5 2012லேயே 1 கோடியே 60 இலட்சம் தந்தது. டி850 தரும் 4 கோடியே 57 இலட்சம், படத்தின் ஒரு மூலையை வெட்டிப் பெரிதாக்குபவருக்குப் பயன்படும்.

இந்த வட்டாரத்துக் காற்றின் ஈரம் இரண்டையும் ஒன்றாகவே தாக்குகிறது. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டி இல்லாவிட்டால் எந்த லென்ஸிலும் பூஞ்சை படரும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடியில் பனி பிடிக்கிறது. பெரிய லென்ஸின் கனத்த கண்ணாடி சூடேறி அது தெளிய நேரம் எடுக்கிறது. பேட்டரியில் பெரியதே மேல்: தரப்படுத்திய சோதனையில் டி850 ஒரு பேட்டரிக்கு 1840 படம், இ-எம்1 மார்க் 2 440 படம். நாள்முழுவதும் திருவிழா எடுப்பவர் சிறியதோடு மூன்று பேட்டரியாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

கூலிக்குத் திருமணம் எடுத்து, இரவு விருந்தையும் தீமிதியையும் ஒப்பந்தமாக ஏற்பவர் பெரியதை வாங்கட்டும், ஆனால் அதற்குரிய லென்ஸோடு வாங்கட்டும். தம் குடும்பத்தையும் தோட்டத்தையும் பதிவு செய்ய எண்ணுபவருக்குச் சிறியதையும் எஃப் 1.8 லென்ஸ்கள் இரண்டையுமே நான் சொல்வேன். லயங்கள் இடிக்கப்பட்டுச் செம்பனை நடப்படும் வேகத்தைப் பார்த்தால், அந்தப் பதிவுக்கு இன்னும் நெடுங்காலம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விடியற்காலைப் பால்வெட்டுக்கு நானும் சிறியதையே கொண்டுபோகிறேன். ஒருவர் காலைப் பொழுதில் நானூறு, ஐந்நூறு மரங்களை வெட்டி நகர்கிறார். மேடும் பள்ளமுமான அந்த நிரைகளில் அவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடக்க வேண்டும். 25 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஷட்டர் 1/125. நெற்றி விளக்கு மட்டும் எரியும் முதல் நிரைகளில் கத்தியும் விரல்களும் விழும், முகம் விழாது. பெரிய கேமராவில் முகமும் கொஞ்சம் விழுந்திருக்கும் என்பதை அறிவேன். இங்கே சூரியன் எழ ஏழு மணி ஆகிவிடுகிறது, அதற்கு முந்தைய வெளுப்பு இருபது நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை. அந்த இருபது நிமிடத்துக்குள் ஐஎஸ்ஓ 6,400இலிருந்து 800க்கு இறங்கும். வெட்டுக்கோட்டில் வழிந்த பால், அதைச் சேர்க்கும் கிண்ணமான மங்கில் சொட்டுவதும், குனிந்து பார்க்கும் முகமும் ஒரே படத்தில் கிடைக்கத் தொடங்கும்.